கைரேகையும் ஊர்பேர் தெரியாத ஃபைலும்

பெயர் என்கிற ஒன்றை நம்பாமலேயே முழு வாழ்க்கையும் வாழ்ந்துவிட முடியும் என்று நிரூபித்த ஒரே மனிதர் எங்கள் கைரேகைதான். கடைப் பெயர், தெருப் பெயர், சரக்கின் பெயர் எதையும் நம்ப மாட்டார். போர்டில் பிரியாணி என்று எழுதியிருந்தால், "அது அவன் சொல்றான்" என்பார். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் பழக்கார அம்மாள் மல்கோவா என்றால், "யாரு சொன்னது?" என்று கேட்டு, இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாத பதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வருவார். அவருக்கும் அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை.

திருவொற்றியூரில் ஒரு வலைக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே நைலான் வலை, மிதவை, கயிறு, மேலே சாஃப்ட்வேர். துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர்கள் தங்கிப் போகிற யார்டுகளில் எந்தப் பெட்டி எப்போது வந்தது, என்ன எடை, எந்த லாரியில் ஏறியது என்று பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர்தான் எங்கள் தொழில். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் பார்த்தவர். கம்ப்யூட்டர் படித்த மகன் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தான். ஆரம்பித்த கையோடு அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டான். கம்பெனி அண்ணாச்சியின் தலையில் வந்து உட்கார்ந்தது. அவருக்குத் துவரம்பருப்பும் சாஃப்ட்வேரும் ஒன்றுதான். மூட்டை வந்ததா, மூட்டை போனதா? அவ்வளவுதான் கேள்வி. நான் அங்கே, சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்துவது என்று யாருமே படிக்காத கையேடுகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

கைரேகை ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆரம்பத்தில் இவர் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார் என்று பழைய ஆட்கள் சத்தியம் செய்வார்கள். ஒரு தடவை அண்ணாச்சி அவரைக் கிண்டிப் பக்கம் ஏதோ கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். போகும்போது டிபன் பாக்ஸோடு போனவர், திரும்பும்போது ஒரு மதத்தோடு வந்தார்.

அந்த மதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. தேதி கணக்கிட ஒன்று, பில் அடிக்க ஒன்று, எடை மெஷினோடு பேச ஒன்று என்று, உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் ஃபைல்களை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அவற்றுக்கு லைப்ரரி என்று பெயர். ஃபைலின் மேல் அதன் பெயரும் எத்தனையாவது பதிப்பு என்கிற எண்ணும் இருக்கும். ஆனால் மேலே இருக்கும் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். உள்ளே இருப்பது உண்மையில் எது என்று கண்டுபிடிக்க வேறு ஒரு வழி இருக்கிறது. ஃபைலை ஒரு கணக்குக்குள் செலுத்தினால் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளமான சரம் வெளியே வரும். அதுதான் ஹாஷ். அதே ஃபைலை அமெரிக்காவில் செலுத்தினாலும் ஆவடியில் செலுத்தினாலும் அதே சரம்தான் வரும். உள்ளே ஒரு கமா மாறினால் போதும், சரம் மொத்தமும் வேறாகிவிடும். ஒரிஜினல் ஃபைல்களின் ஹாஷ்கள் இணையத்தில் கிடைக்கும். நம்மிடம் இருப்பதை அதோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"மன்சனுக்குக் கைரேகை, ஃபைலுக்கு ஹாஷு. பேரு இன்னா வேணா வெச்சிக்கலாம் மாமு, ரேகைய மாத்த முடியாது" என்று பயிற்சி முடிந்து வந்த அன்று காலை ஆரம்பித்தார். மாலைக்குள் பெயர் விழுந்துவிட்டது.

நல்ல விஷயம்தான். பல் தேய்ப்பதுகூட நல்ல விஷயம்தான். அதற்காக யாரும் நாள் முழுக்க பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு திரிவதில்லை. கைரேகை திரிந்தார்.

முதலில், ஃபைல்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினார். ஹாஷின் முதல் நான்கு எழுத்துகளைச் சொல்லித்தான் பேசுவார். "அந்த ஏழு எஃப் மூணு பி இன்னும் உசுரோட கீதா?" என்பார். "ஒம்போது சி ரெண்டு டி வந்துச்சா?" என்று தொலைபேசியில் கேட்பார். புதிதாகச் சேர்ந்த சரளா, அவர் பஸ் நம்பர் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அது டோல்கேட்டோட நின்னுடும்ண்ணா" என்று பதில் சொல்லியிருக்கிறாள். சரளா பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு உண்டு. எங்கள் சாஃப்ட்வேரில் என்ன கோளாறு என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. மனிதர்களில் என்ன கோளாறு என்பதைச் சம்பளமில்லாமல் சொல்வாள்.

ஒரு நாள் கைரேகை அவளிடம் பெயரை நம்பாதே என்று நீளமாகப் போதித்துக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எங்கப்பாவும் செவுளத் தூக்கிப் பாக்காம மீனு வாங்க மாட்டாருண்ணா. அதுக்கோசரம் மீனாண்ட ஆதார் கார்டு கேக்க மாட்டாரு."

கைரேகை கொஞ்சம் யோசித்து, "கேக்கணும்" என்றார்.

ஆயுத பூஜையன்று எல்லோரும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அவர் சந்தனம் வைப்பதற்கு முன்னால் ஒரு முறை, வைத்த பின்னால் ஒரு முறை தன் ஃபைல்களுக்கு ஹாஷ் எடுத்துப் பார்த்து, "மாறல" என்று அறிவித்தார். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் அந்தச் செய்தியை ஏற்றுக்கொண்டோம்.

கல்யாண விஷயத்தில்கூட அவர் மதம் மாறவில்லை. கொடுங்கையூரில் ஒரு வரன் வந்தது. பெண்ணின் போட்டோவைத் தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதே போட்டோவைப் பெண்ணின் தாய்மாமனும் அனுப்பினார். வேறு யாராவது என்றால் பெண்ணைப் பார்த்திருப்பார்கள். இவர் இரண்டுக்கும் ஹாஷ் எடுத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், பஜ்ஜித் தட்டு கைக்கு வந்த நேரத்தில், "ரெண்டு போட்டோவும் ஒண்ணு இல்ல. எத்த நம்புறது?" என்று கேட்டுவிட்டார்.

பெண் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள். உள்ளே இருந்தே குரல் வந்தது: "வாட்ஸ்அப்ல ஒவ்வொரு தபா அனுப்பும்போதும் போட்டோவ அமுக்கிச் சின்னதாக்கிடும். அது கூடத் தெரியாதவருக்கா பஜ்ஜி சுட்டீங்க?"

வரன் அதோடு போயிற்று. மறுநாள் கைரேகை சோகமாகத்தான் வந்தார். நாங்களும் அனுதாபத்தோடு சூழ்ந்துகொண்டோம். வெகு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லிருக்கணும் மாமு. அப்ப அமுக்காது" என்றார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு பொற்காலம் வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியது, அத்திப்பட்டு போகிற வழியில் இருந்த ஒரு யார்டு. அதைப் பயன்படுத்தும் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஒன்றிலிருந்து அண்ணாச்சிக்குக் கடிதம் வந்தது. உங்கள் சாஃப்ட்வேரில் என்னென்ன லைப்ரரிகள் இருக்கின்றன, அவை உண்மையில் எந்தப் பதிப்பு என்பதை ஹாஷோடு எழுதி, பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். முடியாவிட்டால் யார்டுக்கு வேறு சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம் என்றது கடிதம். அந்த யார்டு போனால் மற்ற யார்டுகளும் பின்னாலேயே போகும். அப்புறம் நாங்கள் எல்லோரும் கீழே இறங்கி வலைக்கடையில்தான் வேலை கேட்க வேண்டும்.

கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "மூட்டை மேல பேர் போட்டிருக்குல்லா? பெறவு என்னத்துக்குடே உள்ள கைய விட்டுப் பாக்கச் சொல்லுதான்?"

கைரேகையின் முகத்தில் அன்று தெரிந்த ஒளியை நான் மாப்பிள்ளைகளிடம்கூடப் பார்த்ததில்லை. "ஒலகத்துக்கே இப்பதான் புத்தி வந்துகினு கீது அண்ணாச்சி" என்றார். மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு யார்டுக்குக் கிளம்பினார். பார்த்ததை எல்லாம் நல்ல மொழியில் எழுத ஒரு ஆள் வேண்டுமாம்.

யார்டில் எதன் மேல் கை வைத்தாலும் சாம்பலும் நிலக்கரித் தூளும் ஒட்டும். வாசலிலேயே எடைமேடை. லாரி கண்டெய்னரோடு மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் எடை விழும். அந்த அறையின் ராஜா குமார் என்கிற ஆபரேட்டர். அவர் நாற்காலியில் கைரேகை உட்கார்ந்து, ஒவ்வொரு லைப்ரரி ஃபைலாக ஹாஷ் எடுத்து ஒரிஜினலோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். பொருந்திய ஒவ்வொன்றுக்கும் "இவன் யோக்கியன்" என்பார். நான் எழுதிக்கொள்வேன். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "இருப்பா, குடும்பம் விசாரிச்சிகினு கீறாங்க" என்று குமார் ஜன்னல் வழியே சமாதானம் சொன்னார்.

கடைசியில் ஒரு ஃபைல் மாட்டியது. எடை மெஷினோடு பேசுகிற லைப்ரரி. மேலே 2.4 என்று பதிப்பு எண் இருந்தது. ஆனால் ஒரிஜினல் 2.4-இன் ஹாஷோடு இது பொருந்தவில்லை. 2.3-ஓடு பொருந்தவில்லை. 2.5-ஓடும் இல்லை. இணையத்தில் இருந்த எந்தப் பட்டியலிலும் அந்த ஹாஷ் கிடைக்கவில்லை. ஃபைலில் இருந்த தேதியோ பல வருஷம் பழையது. அதாவது, உலகத்தில் வேறு எங்குமே இல்லாத ஒரு ஃபைல், எண்ணூருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி அறையில், ஊர்பேர் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு, எத்தனையோ வருஷமாக லாரிகளுக்கு எடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

"எவனோ உள்ள பூந்து கைய வெச்சிட்டு, பழைய பேரயே ஒட்டிட்டுப் போயிக்கிறான் மாமு" என்றார் கைரேகை. ஆத்திரமா ஆனந்தமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்து வந்த நாள்களில் எங்கள் அலுவலகம் போலீஸ் ஸ்டேஷனாக மாறியது. முதலில் வைரஸ் என்றார். சோதித்தார், வைரஸ் இல்லை. அப்புறம் போட்டிக் கம்பெனியின் சதி என்றார். எங்களோடு போட்டி போடும் அளவுக்கு யாரும் தாழ்ந்து போகவில்லை என்று சரளா சுட்டிக்காட்டியதும் சந்தேகம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். சரளாவிடம், "அந்த யார்டுக்கு நீ எப்பனா போயிக்கிறியா?" என்றார். "போயிக்கிறேன். ஆனா அந்த ஃபைலு வந்தப்ப நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். யூனிபார்ம் காட்டவா?" என்றாள் அவள். என்னிடம், "உனக்கு சாஃப்ட்வேர் கோடு எழுதத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரியாதவன்தான் இந்த மாதிரி வேலைய செய்வான்" என்று குறித்துக்கொண்டார். அண்ணாச்சியைக்கூட அவர் விடவில்லை. அண்ணாச்சி, "ஏம்ல, நான் செல்போன்ல நம்பரை அழிக்கவே ஒன்னியத்தான கூப்பிடுதேன்" என்று சொல்லித் தப்பித்தார்.

குற்றவாளி கிடைக்காத ஆத்திரத்தில், அவன் குணாதிசயங்களை டீக்கடையில் எல்லோருக்கும் விளக்குவார். "இவன் ஒரு சோம்பேறி. வேலைய முட்ச்சிட்டுப் பேர மாத்தக்கூட வலிச்சிக்கிது. திமிரு புட்ச்சவன். நாம எழுதுறத எவன் பாக்கப் போறான்ற திமிரு. இவன்லாம் இந்தத் தொழிலுக்கே லாயக்கு இல்லாத சோமாரி."

பிறகு என்னிடம் வந்தார். "நீ நல்லாத் திட்டி எழுதிக் குடு மாமு. சுத்தத் தமிழ்ல. நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்."

கையேடுகளை யாரும் படிக்காத ஏக்கத்தில் இருந்தவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு. சும்மா விடுவேனா? இந்த இழிசெயலைச் செய்தவர் யாராயினும் அவர் இத்தொழிலுக்கே நேர்ந்த களங்கம் என்றும், அடையாளம் தெரிந்த அந்த நிமிடமே அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்றும் வெளுத்து வாங்கினேன். கீழே கைரேகை கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சியும், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பக்கத்தில் போட்டுக்கொடுத்தார்.

அதன் பிறகுதான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு ஃபைலைக் குடைந்து, உள்ளே மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகள் ஏதாவது இருந்தால் அவற்றை மட்டும் வெளியே இழுத்துப்போடும் கருவி ஒன்று இருக்கிறதாம். பிழைச் செய்தி, எழுதியவன் பெயர் என்று ஏதாவது சிக்கும். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். நாங்களும் கேட்டோம். தனியாகப் பார்க்க அவருக்கு மனமில்லை. கூட்டம் கூட்டித்தான் பார்ப்பேன் என்றார். சாயங்கால டீக்குப் பிறகு, அண்ணாச்சி முதல் கூட்டுகிற அம்மாள் வரை எல்லோரையும் உட்காரவைத்து, பெரிய திரையில் போட்டுக் காட்டினார்.

"தபாருங்க. இப்ப அவன் வூட்டு அட்ரஸே வரும்" என்று பட்டனைத் தட்டினார்.

ஆங்கிலத்தில் என்னென்னவோ வரிகள் மேலே ஓடின. மெஷின் இணைப்பு இல்லை, எண் தவறு, மறுபடி முயல்க. அதற்கு நடுவில் ஒரு வரி வந்து நின்றது. எழுத்து ஆங்கிலம். மொழி ஆங்கிலம் இல்லை.

கம்முனு இரு மாமு, வெயிட்டு ஆடிகினு கீது.

எங்கள் அலுவலகத்தில் இந்தப் பாஷையைப் பேசுகிறவர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். அதை மெஷினுக்குள் எழுதிவைக்கிற ஆள் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

சரளாதான் முதலில் பேசினாள். "அந்த சோமாரி யாருன்னு தெரிஞ்சிடுச்சிண்ணா."

கைரேகை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். வரி மாறவில்லை. அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொல்லத் தொடங்கினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு புயல் நேரத்தில் அந்த யார்டுக்குப் போனாராம். கடல் காற்று கண்டெய்னர் மேல் மோத மோத, எடை ஒரு இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்ததாம். ஒரிஜினல் லைப்ரரி குதிக்கிற எண்ணில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு லாரியை அனுப்பியது, இல்லையென்றால் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது. இவர் அதைத் திறந்து, எடை அடங்கும்வரை காத்திருந்து அப்புறம் படி என்று உள்ளே எழுதிச் சேர்த்திருக்கிறார். வேறு பெயர் வைத்தால் சாஃப்ட்வேர் அதைக் கண்டுபிடிக்காது. அதனால் அதே பெயரையே விட்டுவிட்டார்.

"நாளிக்கி வந்து ஒயுங்கா பண்ணிக்கலாம்னு நென்ச்சேன்" என்றார். "அப்பால சுத்தமா மறந்துட்டேன்."

அண்ணாச்சிக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்ட சந்தோஷம். "அப்ப நம்ம பய செஞ்சதுதான்ல? களவாணி எவனும் இல்ல. பேசாம 2.4-ன்னே எழுதி அனுப்பிருவோம். அவன் என்ன கப்பல்ல வந்தா பாக்கப் போறான்?"

கையெழுத்துப் போட வேண்டியவர் கைரேகை. போட்டால் அதோடு முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "அது 2.4 இல்ல அண்ணாச்சி."

"ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?"

"ரேகை வேற."

"இந்த யார்டு போச்சுன்னா கம்பெனியே போச்சுல."

"தெரியும் அண்ணாச்சி."

எனக்கு அந்த நேரத்தில் அவர் மேல் மரியாதை வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது எரிச்சல். பிடித்து இரண்டு போடலாமா என்று இருந்தது. ஒரு மனிதனின் கொள்கைக்காக இன்னும் பத்துப் பேர் வலை பின்னப் போக வேண்டுமா? அவரோ தன் மேஜைக்குப் போய்ப் பதில் எழுத உட்கார்ந்துவிட்டார். இந்த ஃபைல் 2.4 அல்ல, இதைத் திருத்தியவன் நான், திருத்தியது இதற்காக, யாரிடமும் சொல்லாமல் பழைய பெயரில் விட்டது என் தவறு என்று எழுதி அனுப்பினார். அதோடு நோட்டீஸ் போர்டுக்கு வந்து நான் எழுதிய கண்டனத்தைக் கிழித்தெடுத்து, அண்ணாச்சியின் மேஜையில் வைத்தார்.

"இதுல கீற மாதிரி என்னியத் தூக்கிடுங்க."

அண்ணாச்சி அதை ஒரு தடவை படித்தார். "ஒன்னியத் தூக்கிட்டா இத எவம்ல சரிபண்ணுவான்?" என்று காகிதத்தை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் செருகினார். என் எழுத்து முதன்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது.

கப்பல் கம்பெனி ஒரே வரியில் பதில் அனுப்பியது: திருத்திய ஃபைலை உடனே நீக்கிவிட்டு ஒரிஜினல் 2.4-ஐப் போடுங்கள். கைரேகை தன் கையாலேயே யார்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். ஹாஷ் கச்சிதமாகப் பொருந்தியது. உலகமே ஒப்புக்கொண்ட, குலம் கோத்திரம் தெரிந்த, சுத்தமான ஃபைல்.

மறுநாள் காற்று கிளம்பியது. முற்பகலிலேயே குமாரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஒரே பெட்டி இப்போது ஒரு எடை, அடுத்த நிமிடம் வேறு எடை. லாரிகள் வாசலில் தொடங்கி எண்ணூர் சாலையில் வால் நீட்டிக்கொண்டு நின்றன. டிரைவர்கள் கண்ணாடி அறையைச் சூழ்ந்துகொண்டு குமாரின் குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இன்னா சார் பண்ணி வெச்சிக்கிறீங்க? முன்னெல்லாம் காத்து அட்ச்சா மெஷினு நம்ம பாஷையில கம்முனு இருன்னும். நானும் கம்முனு இருப்பேன். கொஞ்ச நேரத்துல வெயிட்டு வந்துடும். இப்ப இங்கிலீசுல இன்னாவோ திட்டிட்டு மூஞ்சத் திருப்பிக்கிது."

"அந்த மெசேஜ் தினம் வந்துச்சா? ஏன் சொல்லல?" என்று கைரேகை கேட்டார்.

"இன்னாத்துக்கு சார் சொல்லணும்? நமக்குன்னு ஒருத்தன் பாத்துப் பண்ணிக் குடுத்துக்கிறான்னு ஷோக்கா இருந்தேன்."

கைரேகை சிறிது நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். குமார் எப்போதோ வைத்துவிட்டார்.

யார்டுக்காரர்கள் கப்பல் கம்பெனியைப் பிடித்து உலுக்கினார்கள். லாரிகள் நின்றால் கப்பலும் நிற்கும் என்று புரிந்ததும் அங்கிருந்து புதிய உத்தரவு வந்தது. திருத்திய ஃபைலையே திரும்பப் போடலாம். ஆனால் இனி அது 2.4 என்று சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. சொந்தமாக ஒரு பெயர், சொந்தப் பதிப்பு எண், ஹாஷ், எழுதியவர் விவரம் எல்லாம் முறைப்படி வேண்டும்.

எல்லாம் ஒரு மணி நேர வேலை. பெயரைத் தவிர. பெயர் என்பதையே ஒரு மோசடி என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்தவர், தான் பெற்ற ஒன்றுக்குப் பெயர் வைக்க முடியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை நாங்கள் எல்லோரும் முறைவைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். "பேருல இன்னாண்ணா கீது, நாலு எழுத்த வெச்சிட்டுப் போண்ணா" என்று சரளா புண்ணில் உப்பைத் தேய்த்துவிட்டுப் போனாள். கடைசியில் அண்ணாச்சிதான் பொறுமை இழந்து, "அதுதான் தெனம் கத்துதே, அதையே வைல" என்றார். அப்படித்தான், வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியின் அதிகாரபூர்வமான பட்டியலில், உலகப் பெரிய நிறுவனங்கள் எழுதிய லைப்ரரிகளுக்கு நடுவே, 'கம்முனுஇரு 1.0' இடம்பிடித்தது. அங்கிருந்து ஒரே ஒரு கேள்விதான் திரும்பி வந்தது. இதை எப்படி உச்சரிப்பது? கைரேகை தன் குரலில் பதிவு செய்து அனுப்பினார். டாக்குமெண்ட்டாக.

இவ்வளவுக்கும் பிறகு மனிதர் திருந்தியிருப்பார் என்று எதிர்பார்ப்பீர்கள். மோசமானார். அதுவரை ஊரைச் சந்தேகப்பட்டவர், இப்போது தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். வீட்டுக்குப் போகும் முன் தான் எழுதியதற்கெல்லாம் ஹாஷ் எடுத்துவைத்துவிட்டுப் போவார். காலையில் வந்ததும் மறுபடி எடுத்துப் பொருத்திப் பார்ப்பார். "நேத்து நான் எய்தினதுதானான்னு பாக்குறேன் மாமு. என்னிய நம்ப முடியாது" என்பார். அதில் மட்டும் அலுவலகத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். காய்ச்சலில் எனக்குச் சுயநினைவு பாதி இருந்தது, பாதி இல்லை. ஊரில் இருந்த அம்மா வந்து சேர ஒரு நாள் ஆகும். கண் விழித்தபோதெல்லாம் கைரேகை தெரிந்தார். டிரிப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தால் அட்டையை வாங்கி, மருந்துச் சீட்டோடு எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்த்த பிறகுதான் கொடுக்கவிட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, "இது இவரு ரத்தம்தானா? யாரு சொன்னது?" என்று கேட்டு, லேப் பெண்ணை அழவைத்திருக்கிறார். பொறுக்க முடியாமல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நோயாளியோடு சொந்தக்காரர்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாது என்று வாசலில் கறாராகச் சொல்லிவிட்டார்களாம்.

கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் என் கட்டிலுக்கு வந்தார். பின்னால் கைரேகை, கையில் ஒரு இளநீரோடு.

"சார், இவரு உங்க கூடப் பொறந்த அண்ணன்னு சொல்லிகினு வாசல்ல ஒரே பேஜாரு பண்றாரு. மெய்தானா?"

கைரேகை என்னைப் பார்க்கவில்லை. கூரையில் ஓடிய மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. "மெய்தான்" என்றேன்.